கடைசியாக வருகிறவர் எதிர்க்கட்சி

எங்கள் சங்கத்துக் கமிட்டிக் கூட்டத்துக்கு யாரும் லேட்டாக வரமாட்டார்கள். திருவண்ணாமலையில் இப்படி ஒரு சங்கமா என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்கே தாலி கட்டி முடிந்தபிறகு நேராகப் பந்திக்குப் போகிற ஊர் இது. ஆனால் எங்கள் கூட்டத்துக்கு மட்டும் சொன்ன நேரத்துக்குக் கால்மணி முன்னாடியே ஏழு பேரும் வந்து உட்கார்ந்திருப்போம். பொறுப்பு, கடமை என்றெல்லாம் எண்ணிவிட வேண்டாம். பயம்தான். கடைசியாக வருகிறவர் அன்றைக்கு எதிர்க்கட்சி. கூட்டத்தில் மற்றவர்கள் எதற்குத் தலையாட்டினாலும் அவர் எதிர்த்துப் பேசியாக வேண்டும்.

சங்கம் ஒன்றும் பெரிது கிடையாது. தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் எங்கள் ஊருக்கு வருகிற ஜனத்தில் யாராவது கட்டாயம் தொலைந்துபோவார்கள். குழந்தை, வயசானவர்கள், பெண்டாட்டியை ஒரு கோபுரத்து வாசலில் நிறுத்திவிட்டு வேறு கோபுரத்து வாசலில் போய்த் தேடுகிற புது மாப்பிள்ளை. நாலு பக்கமும் கோபுரம் இருக்கிற கோயிலில் ‘கோபுரத்துக்கிட்ட நில்லு’ என்று சொல்லிவிட்டுப் போனால் வேறென்ன ஆகும்? கிரிவலப் பாதையில் பந்தல் போட்டு, மைக் வைத்து, இவர்களை அவரவர் ஆட்களோடு சேர்த்துவைப்பது எங்கள் வேலை. பதிவு செய்த சங்கம், சம்பளம் யாருக்கும் கிடையாது. நான் செயலாளர். பகலில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. என் வாய் எட்டூருக்குக் கேட்கும் என்று வீட்டுக்காரர் சொல்வார். அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

தலைவர் டீச்சர். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்களில் பாதிப் பேரை விட அவருக்கு வயசு ஜாஸ்தி என்றாலும், மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு விசில் இல்லாமல் ஆளைக் கூப்பிட்ட தொண்டை அது. பொருளாளர் பாய், தேரடித் தெருப் பக்கம் மைக் செட் கடை வைத்திருக்கிறார். அவர் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊர் விசேஷம் எல்லாவற்றுக்கும் அந்தக் கடைக் குழாய்தான் பாடியிருக்கிறது. கூட்டம் நடப்பது அவர் கடைக்குப் பின்னால் இருக்கிற குடோனில், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில். உட்காரவும் அந்தப் பெட்டிகள்தான்.

எதிர்க்கட்சி வந்த கதையைச் சொல்ல வேண்டும். சங்கம் ஆரம்பித்த புதிதில் தொண்டர்களுக்கு டி-ஷர்ட் எடுப்பது என்று முடிவானது. என்ன கலர்? கருப்பு எடுங்க, அழுக்குத் தெரியாது என்றார் ஒருவர். ஆமாம் ஆமாம் என்று எல்லாரும் தலையாட்டினோம். ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று நானே அழகாக எழுதினேன். தீபம் வருவது கார்த்திகை மாசத்தில். ஐயப்பனுக்கு மாலை போட்ட சாமிகள் பாதி ஊரைக் கருப்பாக்கி வைத்திருக்கிற மாசம். அந்த வருஷம் எங்கள் தொண்டர் ஒருத்தரைக்கூட யாராலும் அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜனங்கள் கன்னிசாமிகளைப் பிடித்து ‘எங்க மாமியாரக் காணோம், மைக்ல சொல்லுங்க’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாவம், அந்தச் சாமிகளும் நாலு மாமியார்களைக் கொண்டுவந்து பந்தலில் சேர்த்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் டீச்சர் எங்களைத் திட்டவில்லை. “ஏழு பேர் இருந்தோமே, ‘கார்த்திகைல கருப்பா’னு ஒருத்தருக்கும் தோணலியா?” என்றுதான் கேட்டார். பாய் தலையைச் சொறிந்தார். “எனக்குத் தோணுச்சு டீச்சர். சாமி விஷயத்துல நாம போய் ஏன் சொல்லணும்னு விட்டுட்டேன்.” எனக்கும் லேசாகத் தோன்றியிருந்தது, எல்லாரும் சரி என்கிறார்களே என்று விட்டுவிட்டேன். விசாரித்துப் பார்த்தால் பாதிப் பேருக்குத் தோன்றியிருக்கிறது. “அப்போ இனிமே இந்தச் சங்கத்துல ஏகமனசு கிடையாது” என்றார் டீச்சர். “ஒவ்வொரு கூட்டத்துலயும் கடைசியா வர்றவங்க எதிர்க்கணும். மனசுக்குப் பிடிச்சிருந்தாலும் எதிர்க்கணும். யாரும் அவங்களக் கோச்சுக்கக் கூடாது.” அன்றைக்குப் பிறந்தது எதிர்க்கட்சி.

முதலில் நாங்கள் அதைக் கேலி செய்தோம். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அது எங்களைக் காப்பாற்றியது. ஒரு தடவை பாயே எதிர்க்கட்சி ஆகிவிட்டார், பேச்சோ அவர் கடை மைக் செட்டைப் பற்றி. மனுஷன் எழுந்து நின்று தன் சரக்கைத் தானே கிழி கிழி என்று கிழித்தார். குழாய் இரைகிறது, ஒயர் மழையில் ஷாக் அடிக்கும், இந்த ஆளை நம்பாதீங்க என்றார். அடுத்த பௌர்ணமிக்குப் பழைய செட்டை மாற்றிப் புதுசு கட்டிவிட்டார். வேறு எந்தச் சங்கத்தில் பொருளாளர் இப்படித் தன்னைத்தானே போட்டுக்கொடுப்பார்? தலைவருக்குப் பொன்னாடை கிடையாது, ஃப்ளெக்ஸில் தலைவர் போட்டோ கிடையாது என்பதெல்லாமும் டீச்சர் போட்ட சட்டம்தான். ஒரு வருஷம் யாரோ ஆசைப்பட்டு அவர் படத்தைப் போட்டு பேனர் கட்டிவிட்டார்கள். அதைக் கழற்றி மடித்து, மழைக்கு ஜெனரேட்டர் மேல் போர்த்திவிட்டார். “இப்பதான் உபயோகமா இருக்கேன்” என்றார்.

இப்படிப்பட்டவருக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது. எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் பாய் அவருக்குப் பக்கத்து ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். பிறகு நான் பந்தலில் அவருக்கு வலது கைப் பக்கமே நிற்க ஆரம்பித்தேன், வருகிறவர்கள் சொல்வதை வாங்கி இன்னொரு தரம் சத்தமாகச் சொல்ல. யாரும் யாரிடமும் இதைப் பேசிக்கொள்ளவில்லை. டீச்சர் காது மெஷின் வாங்கிப் போட்டுப் பார்த்தார். வீட்டில் சரியாக இருக்கிறது, கூட்டத்தில் கோயில் மணி, பீப்பி, போலீஸ் விசில் எல்லாம் ஒரே இரைச்சலாக மண்டைக்குள் இறங்குகிறது என்று கழற்றி வைத்துவிட்டார்.

போன தீபத்துக்கு முந்தின தீபத்தில்தான் அது நடந்தது. ஒரு பெரியவர், பொழுது சாய்கிற நேரம், பந்தலுக்கு வந்து சேர்ந்தார். ஞாபகம் கொஞ்சம் தடுமாறுகிறது, பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. போன் இல்லை. எந்த ஊருங்கய்யா என்று டீச்சர் கேட்டார். பெரியவர் ‘போரூர்’ என்றார். மெட்ராஸ் போரூர். டீச்சர் காதில் அது ‘போளூர்’ என்று விழுந்தது. எங்களுக்கு எப்போதும் முதலில் வருவது போளூர்தானே, பக்கத்து ஊர். நான் அந்த நேரம் தொலைந்த குழந்தை ஒன்றுக்குப் பால் வாங்கப் போயிருந்தேன். ‘போளூரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்’ என்று டீச்சர் கணீரென்று அறிவித்தார், திரும்பத் திரும்ப. பெரியவரின் மகள் பந்தலுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் நின்றிருக்கிறாள். போளூர் என்றதும், வேறு யாரோ என்று மலைக்குப் பின்னால் அடி அண்ணாமலைப் பக்கம் தேடப் போய்விட்டாள்.

ஏரிக்குப் பக்கத்தில் வீடு என்று பெரியவர் சொன்னார். போரூரிலும் ஏரி இருக்கிறது, போளூரிலும் ஏரி இருக்கிறது. ஏரி இல்லாத ஊர் நம் ஜில்லாவில் எது? போளூர்க் குடும்பம் ஒன்று, நல்ல ஜனங்கள், நாங்க கூட்டிட்டுப் போய் விசாரிச்சு விடறோம் என்றார்கள். எங்கள் தொண்டர் ஒருவரையும் துணைக்கு அனுப்பினோம். மறுநாள் காலையில் போன் வந்தது. பெரியவர் அங்கே நின்றுகொண்டு மெட்ராஸ் பஸ் நம்பர் கேட்கிறாராம்.

மதியத்துக்குள் அவரைத் திரும்பக் கூட்டிவந்து மகளிடம் சேர்த்துவிட்டோம். அந்தப் பெண் ராத்திரி முழுக்க அழுது முகம் வீங்கியிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் எங்களைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நேராக டீச்சர் காலில் விழுந்தாள். நீங்க இல்லன்னா எங்கப்பா கெடச்சிருக்க மாட்டாரும்மா என்றாள். டீச்சர் அவளைத் தூக்கி நிறுத்தினார். அவர் முகம் அப்படிச் செத்துப்போய் நான் அதுவரை பார்த்ததில்லை.

நாங்கள் ஆளாளுக்குச் சமாதானம் சொன்னோம். கூட்ட இரைச்சல் டீச்சர், யாருக்கா இருந்தாலும் அப்படித்தான் கேக்கும். பெரியவருக்குப் பல்லு இல்ல டீச்சர். டீச்சர் கேட்டுக்கொண்டார். அடுத்த மாசம், வரப்போகிற பொதுக்குழுவோடு தலைவர் பதவியிலிருந்து இறங்கிவிடுவதாகச் சொன்னார்.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் இல்லாமல் பந்தலா? போலீஸ்காரர்கள், கோயில் ஆட்கள், கடைக்காரர்கள் எல்லாரும் டீச்சர் முகத்துக்காகத்தான் எங்களை மதிக்கிறார்கள். ஆறு மாசத்தில் சங்கத்தையே மூடிவிட வேண்டியதுதான். நான் சும்மா இருப்பேனா? ஒவ்வொருத்தராகப் போன் போட்டேன். டீச்சரே தொடர வேண்டும் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொல்வது, அவர் பேசவே இடம் கொடுக்காமல் கையைத் தூக்கிவிடுவது என்று ஏற்பாடு. எதிர்க்கட்சி யாராக இருந்தாலும் அன்றைக்கு ஒப்புக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். எல்லாரும் சரி என்றார்கள். சூத்திரதாரி நான்தான். பெருமையாகத்தான் இருந்தது.

கூட்டத்தன்று மத்தியானம் டீச்சர் எனக்குப் போன் பண்ணினார். வரும்போது அந்த பஸ் ஸ்டாண்டு கடையில் காராபூந்தி வாங்கிட்டு வாங்க, சூடா போட்டாத்தான் வாங்கணும் என்றார். போனேன். எண்ணெய் காயவே இல்லை. காத்திருந்து வாங்கிக்கொண்டு ஓடி வந்து குடோனுக்குள் நுழைந்தால் ஆறு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாரும் கை தட்டிச் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தம்மா வேண்டுமென்றே என்னைக் கடைசியாக வரவைத்திருக்கிறார்.

பாய் தொடங்கினார், டீச்சரே தொடரணும். ஆளாளுக்கு ஆமாம் போட்டார்கள், நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளையே. “எதிர்க்கட்சி பேசலாம்” என்றார் டீச்சர்.

எழுந்து நின்றேன். வயசாகுது, முட்டி வலி, ரெஸ்ட் எடுக்கட்டுமே என்று சுற்றி வளைத்தேன். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பார்வை என்னை உட்காரவும் விடவில்லை. சொல்லித் தொலை என்கிற பார்வை. ஏழு பேரில் இதைச் சொல்கிற வாய் எது என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஏன் நான்?

“டீச்சருக்குக் காது கேக்கல” என்றேன். என் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று எனக்கே தெரியாது.

டீச்சர் உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். “என்ன சொன்னீங்க?”

அவர் நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே கேட்கவில்லை.

“உங்களுக்குக் காது கேக்கல டீச்சர்” என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. “அன்னிக்கி அவரு போரூர்னு சொன்னாரு. நீங்க போளூர்னு சொன்னீங்க. அந்தப் பொண்ணு நைட்டெல்லாம் ரோட்ல நின்னுச்சு. நாங்க எல்லாரும் உங்களுக்குப் பொய் சொன்னோம்.”

“இப்ப கேட்டுச்சு” என்றார் டீச்சர். “மிச்சத்தையும் சொல்லுங்க.”

மிச்சம் என்று நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். தலைவர் என்றால் மைக் பிடிக்கிறவர் என்று நாமே ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறோம். மைக் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், என் வாய்க்கு அதுகூடத் தேவையில்லை. தொலைந்துபோனவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க ஒரு ஆள் இருக்கிறாரா, அவர்தான் பந்தலுக்குத் தலைவர் என்றேன்.

அப்போதுதான் சிஸ்டர் எழுந்தாள். கமிட்டியில் எங்கள் எல்லாரையும் விடச் சின்னவள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். அவள் பேசினால் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்காது என்று நாங்கள் கிண்டல் செய்வோம். “அன்னிக்கி நான் சொன்னேன்” என்றாள். “போரூரா போளூரானு இன்னொருதரம் கேக்கலாம் டீச்சர்னு. மெதுவா சொல்லிட்டேன். டீச்சருக்கு விழல. மறுபடி சொல்ல பயமா இருந்துச்சு.”

டீச்சர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, அவருக்காக அதைத் திரும்பச் சத்தமாகச் சொன்னேன். டீச்சர் சிஸ்டர் பக்கம் திரும்பினார். “அவர் சொன்னத சரியா கேட்டது நீ ஒருத்திதான். மறுபடி சொல்லாதது தப்பு. இனிமே சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

“அப்போ என் இடத்துல நீ உக்காரு.”

உடனே எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். சின்னப் பொண்ணு, போலீஸ்காரங்க மதிப்பாங்களா, குரலே இல்லையே. ரொம்ப நேரம் போனது. காராபூந்தி காலியானது. சரி, சிஸ்டர் தலைவர், மைக் செயலாளர் கையில், டீச்சர் கௌரவத் தலைவர் என்று பாய் ஒரு வழி சொன்னார். டீச்சர் அதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “கௌரவத் தலைவர்னா நாற்காலிய விடலனு அர்த்தம் பாய். நான் ஓரமா உக்காந்திருந்தா, சிஸ்டர் ஒண்ணு சொன்னதும் நீங்க அத்தன பேரும் என் மூஞ்சியத்தான் பாப்பீங்க. கமிட்டிலயும் வேணாம். வர்ற தீபத்துக்குப் பந்தலுக்கும் வரமாட்டேன்.”

கை தூக்கச் சொன்னபோது பாய் மட்டும் தூக்கவில்லை. ஏன் பாய் என்றேன். “ஒருத்தர் எதிர்க்கணும்ல. ஏகமனசா அவங்கள அனுப்பிட்டோம்னு எழுதிடாதீங்க” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் டீ சொன்னார். அந்த மனுஷனுக்காக நான் எந்த ஊரிலும் சாட்சி சொல்வேன்.

போன தீபத்தில் டீச்சர் இல்லாமல் பந்தல் போட்டோம். சிஸ்டர் மைக் பக்கமே வரவில்லை. வந்து சேருகிற ஒவ்வொருவருக்கும் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்துகொண்டாள். என்ன ஊர் என்று ஒருதரம் கேட்பாள். எந்த பஸ்ஸில் வந்தீங்க, வீட்டுக்குப் பக்கத்தில் என்ன கடை என்று சுற்றிக்கொண்டு வந்து, மறுபடி ஊரைக் கேட்பாள். ரெண்டும் ஒத்துப்போனால்தான் என்னிடம் சொல்வாள். நான் கத்துவேன். மலைமேல் ஜோதி ஏற்றின சமயம் கூட்டம் ஒரே மூச்சாகத் தள்ளியது. தடுப்புக் கட்டை சாய்ந்து, ஒரே நேரத்தில் எங்கள் பந்தலில் நிற்க இடமில்லாமல் ஆட்கள். அழுகை, கூச்சல். போலீஸ்காரர் ஒருவர் வந்து டீச்சர் எங்க, டீச்சரக் கூப்பிடுங்க என்கிறார். என் கை தானாகப் போனுக்குப் போனது. டீச்சர் நம்பரைக்கூட எடுத்துவிட்டேன், அழுத்த வேண்டியதுதான் பாக்கி. சிஸ்டர் போனை மெல்ல வாங்கி வைத்தாள். “வேணாம்க்கா. நாமளே பாத்துக்கலாம்.” அந்த நிமிஷம் அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது. அன்றைக்கு இன்னும் எத்தனையோ தடவை அந்தப் போனை எடுத்தேன், வைத்தேன். ஆனால் பார்த்துக்கொண்டோம். கடைசி ஆளையும் அவர் குடும்பத்தோடு அனுப்பிவிட்டுத்தான் பந்தலை விட்டு எழுந்தோம்.

மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போனேன். மாடியில் உட்கார்ந்திருந்தார். தீபம் ஏற்றினதைப் பார்த்தேன் என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. சங்கம் ஆரம்பித்ததிலிருந்து ஒரு தீபமும் அவர் பார்த்ததில்லை. மலையில் ஜோதி வருகிற நேரத்தில்தானே ஆட்கள் தொலைவார்கள். இந்தப் பக்கம் திரும்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

“போன் அடிச்சா எனக்குக் கேக்காதேனு கைலயே வச்சிருந்தேன்” என்றார். “ஒரு தடவ கூட அதிரல. சார்ஜ் போயிடுச்சோனு எடுத்து எடுத்துப் பாத்தேன். ஒருத்தர் கூட என்னத் தேடல.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் நிறைந்திருந்தது. சந்தோஷமா, வேறா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“நான் தேடினேன் டீச்சர்” என்றேன், வாய்க்குள்ளேயே.

அவர் உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சாய்ந்தார். “என்ன சொன்னீங்க?”

“நீங்க தேவையே படல டீச்சர்னு சொன்னேன்” என்றேன். அதை மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி சொன்னேன்.